ஈடில்லாத கடன்: விமான கம்பெனி விழும்போது மலைக்காரரின் டிக்கெட் பணம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவருக்குக் கடன் கொடுப்பது என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பறித்த பச்சை இலை இந்த மாதம் பாக்டரிக்குப் போகிறது, பணம் அடுத்த மாதம் வருகிறது. இடைப்பட்ட நாட்களில் அந்த பாக்டரிக்கு வட்டியும் இல்லாமல் ஈடும் இல்லாமல் கடன் கொடுத்து வைத்திருக்கிறார். பாக்டரி ஓடுகிறவரை அது கடனாகவே தெரியாது. கேட் பூட்டிய அன்றைக்குத்தான் தெரியும்.

விமான டிக்கெட்டும் அதே கணக்குதான். மே மாத லீவுக்கு ஜனவரியிலேயே கோவையிலிருந்து டெல்லிக்கு நாலு பேருக்கு டிக்கெட் எடுத்தால், நாலு மாதம் அந்த கம்பெனிக்குக் கடன் கொடுத்திருக்கிறோம். வங்கி கடன் கொடுத்தால் கட்டடத்தையோ பங்குகளையோ ஈடாக எழுதி வாங்கிக்கொள்ளும். விமானத்தை வாடகைக்கு விட்டவருக்கு விமானமே ஈடு. எரிபொருள் கம்பெனி சந்தேகம் வந்தால் ரொக்கம் வைத்தால்தான் ஊற்றும். பயணியின் கையில் இருப்பது ஆறெழுத்து பி.என்.ஆர். மட்டும். மேலே உட்கார்ந்திருப்பவர் செய்த தவறு நாளிதழின் முதல் பக்கத்தில் வரும் நேரத்தில், ஈடு வைத்திருந்தவர்கள் எல்லாம் தங்கள் பங்கைப் பிடித்து முடித்திருப்பார்கள்.

கிங்ஃபிஷரிலிருந்து தொடங்கலாம். 2005 மே மாதம் பறக்கத் தொடங்கிய கம்பெனி அது. 2012 அக்டோபர் 20 அன்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., அதன் உரிமத்தை நிறுத்திவைத்தது. ஆண்டு முடிவோடு உரிமம் காலாவதியானது. அதற்குள் ஊழியர்களுக்கு ஏழு மாதச் சம்பளம் பாக்கி. சம்பளத்தில் பிடித்த வருமான வரியைக்கூட அரசுக்குக் கட்டாமல் வைத்திருந்தார்கள். பணத்தட்டுப்பாடு வந்த கம்பெனி முதலில் கை வைப்பது இந்த மாதிரிப் பிடித்தப் பணத்தில்தான், ஏனென்றால் கேட்கிறவர் உடனே வாசலில் வந்து நிற்பதில்லை. அதை நடத்திய விஜய் மல்லையா 2016 மார்ச் 2 அன்று நாட்டை விட்டுப் போனார். 2019 ஜனவரி 5 அன்று தலைமறைவுப் பொருளாதாரக் குற்றவாளி என்று நீதிமன்றம் அறிவித்தது.

வங்கிகள் என்ன ஈட்டை நம்பிக் கொடுத்தன என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கம்பெனியின் பெயரும் சின்னமும் ஈட்டில் ஒரு பகுதி. பறக்கும்போது பெயருக்கு மதிப்பு உண்டு. தரையில் நிற்கும் விமானத்தின் வாலில் எழுதிய பெயரை யார் வாங்குவார்? மும்பையில் இருந்த கிங்ஃபிஷர் ஹவுஸ் கட்டடத்தை 2016 மார்ச்சில் 150 கோடி ரூபாய் என்று ஏலம் விட்டார்கள், ஆள் வரவில்லை. விலையைக் குறைத்துக் குறைத்து 2021-ல் 52.25 கோடிக்கு விற்றது. ஈடு வைத்திருந்த வங்கிக்கே இதுதான் கதி.

ஜெட் ஏர்வேஸ் வேறு மாதிரி. 1993 மே மாதம் தொடங்கி 25 ஆண்டுகளுக்கு மேல் ஓடிய கம்பெனி. கோவைக்கும் அதன் விமானம் வந்துகொண்டிருந்தது. நரேஷ் கோயல் இந்த விமான கம்பெனியைத் தொடங்குவதற்கு முன்பே வெளிநாட்டு விமான கம்பெனிகளுக்கு டிக்கெட் விற்றுக் கொடுக்கும் பொது விற்பனை முகவராக இருந்தவர். இந்த முகவர் ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் பின்னால் எழுந்த குற்றச்சாட்டு புரியும். ஒரு நாட்டிலோ மாநிலத்திலோ விற்கும் டிக்கெட்டுக்கு இத்தனை சதவீதம் கமிஷன் என்று முகவருக்குப் போகும். முகவர் வெளியாளாக இருந்தால் அது செலவு. கம்பெனியை நடத்துகிறவருக்கே முகவர் கம்பெனியும் சொந்தமாக இருந்தால், பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனி நட்டத்தில் போகும்போதும் அவர் வீட்டுக்கு வருமானம் போய்க்கொண்டிருக்க முடியும். கனரா வங்கி கொடுத்த புகாரில் 2023 மே மாதம் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. ஏறத்தாழ 538 கோடி ரூபாய் பாக்கி என்பது வழக்கு. கமிஷன், ஆலோசனைக் கட்டணம், துணைக் கம்பெனிக்குக் கொடுத்துத் தள்ளுபடி செய்த கடன், குடும்பத்தின் சொந்தச் செலவு என்ற வழிகளில் பணம் வெளியே போனதாக விசாரணை அமைப்புகள் சொல்கின்றன. அமலாக்கத்துறை 2023 செப்டம்பர் 1 அன்று கோயலைக் கைது செய்தது. பிறகு உடல்நிலை காரணமாக மும்பை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. குற்றச்சாட்டு நிரூபணமாவதும் ஆகாததும் நீதிமன்றத்தின் வேலை.

பயணிக்கு வேண்டியது தேதிகள். 2018 ஆகஸ்டில் காலாண்டுக் கணக்கை அறிவிக்காமல் தள்ளிவைத்தார்கள். டிசம்பர் 31 அன்று வங்கித் தவணை தவறியது. 2019 தொடக்கத்தில் வாடகை பாக்கிக்காக விமானங்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. மார்ச் 25 அன்று கோயல் தலைவர் பதவியை விட்டார். ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்கு வந்ததுதான் கடைசி விமானம். முதல் அறிகுறிக்கும் கடைசி விமானத்துக்கும் நடுவில் எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் டிக்கெட் விற்பனை நிற்கவில்லை. என்னைப் பொறுத்தவரை இதில் பெரிய அநியாயம் இதுதான்: பணம் திரும்ப வராது என்பதற்கான எல்லா அடையாளமும் உள்ளே இருக்கும்போது, வெளியே முன்பதிவுக் கவுன்ட்டர் திறந்திருந்தது.

டி.ஜி.சி.ஏ. ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பது நியாயம். அந்த அமைப்பின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் பறக்கும் உரிமம். அதைப் பிடுங்கினால் அன்றோடு வருமானம் நின்றுவிடும், விமான நிலையத்தில் புறப்பாட்டுக்கு ஒதுக்கிய நேரங்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடும், மீள வழியே இருக்காது. அதனால் கடைசி வரை பிடுங்கத் தயங்குவார்கள். சின்ன ஆயுதம் அபராதம். 2020 வரை அதன் உச்சவரம்பே 10 லட்சம். சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒரு கோடி. யானைக்கு மூங்கில் குச்சியும் இடிவிழுந்த மரமும்தான் இருக்கிறது, நடுவில் அங்குசம் இல்லை.

2025 டிசம்பரில் இண்டிகோவில் நடந்தது அந்த நடு இடத்தை நிரப்பும் முயற்சி. அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். விமானிகளின் பணிநேர விதிகளை டி.ஜி.சி.ஏ. 2024 ஜனவரியிலேயே வெளியிட்டது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 5 வரை என்று இருந்ததை 6 வரை நீட்டினார்கள். இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. முதல் பகுதி 2025 ஜூலை 1, இரண்டாம் பகுதி நவம்பர் 1 என்று நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 22 மாத அவகாசம். கையிருப்பு விமானிகளே இல்லாத அளவுக்கு இறுக்கிப் பின்னிய அட்டவணை, புது விதி வந்த ஒரே மாதத்தில் அறுந்தது. டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்று நாளில் 2,507 விமானங்கள் ரத்து, 1,852 தாமதம், மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் சிக்கினர்.

கட்டணம் வானத்துக்கு ஏறியதும் அரசு உச்சவரம்பு வைத்தது: 500 கிலோமீட்டருக்குள் 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. கோவை–சென்னை முதல் வகை, கோவை–டெல்லி கடைசி வகை. குளிர்கால அட்டவணையில் 10 சதவீதத்தைக் குறைக்கச் சொன்னது. டி.ஜி.சி.ஏ. தன் சொந்த ஆய்வாளர்களில் நாலு பேரை வேலையிலிருந்து நீக்கியது. 2026 ஜனவரியில் அபராதம் வந்தது: ஆறு மீறல்களுக்குத் தலா 30 லட்சம், மொத்தம் 1.80 கோடி; டிசம்பர் 5 முதல் பிப்ரவரி 10 வரை பணிநேர விதியைக் கடைப்பிடிக்காத 68 நாளுக்கு நாள் ஒன்றுக்கு 30 லட்சம், அது 20.40 கோடி. கூட்டினால் 22.20 கோடி. இதோடு 50 கோடிக்கு வங்கி உத்தரவாதம் கேட்டது, சொன்ன சீர்திருத்தங்களை முடித்துக் காட்டக் காட்ட விடுவிக்கும் ஏற்பாட்டில்.

எனக்கு அபராதத் தொகையைவிட முக்கியமாகப் படுவது ஆட்களைப் பெயர் சுட்டியது. ஒவ்வொரு விமான கம்பெனியிலும் 'பொறுப்பு மேலாளர்' என்று ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பறப்பதற்கும் பராமரிப்புக்கும் தேவையான பணத்தை ஒதுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்க வேண்டும் என்பது விதி. கீழே இருப்பவர் மேல் பழியைத் தள்ள முடியாதபடி செய்த பதவி அது. இந்த முறை தலைமை நிர்வாகிக்கு எச்சரிப்பு, பொறுப்பு மேலாளருக்குக் கண்டிப்பு, இயக்கக் கட்டுப்பாட்டு மையத்தின் தலைவரை அந்த வேலையிலிருந்து விடுவிக்க உத்தரவு என்று தனித்தனியாக வந்தது. 2025 ஜூன் மாதம் ஏர் இந்தியாவில் பணியாளர் ஒதுக்கீட்டைக் கவனித்த மூன்று அதிகாரிகளை விலக்கச் சொன்னதும் இதே பாதைதான். கம்பெனி அபராதம் கட்டினால் அது அடுத்த டிக்கெட் விலையில் ஏறும். நாற்காலி போனால் அடுத்து உட்காருபவர் அட்டவணையைப் பார்த்து யோசிப்பார்.

கோ ஃபர்ஸ்ட் விமான கம்பெனியின் கதை சட்டத்தையே மாற்றிவிட்டது. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துக்காரர்களுக்குக் கோவையைவிடக் கோழிக்கோடும் கண்ணூரும் வசதி. கண்ணூரிலிருந்து வளைகுடாவுக்கு இந்தக் கம்பெனி பறந்துகொண்டிருந்தது. 2023 மே 2 அன்று தானாகவே திவால் மனு போட்டது, மறுநாள் விமானங்கள் நின்றன, மே 10 அன்று தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்றது. ஏற்ற நிமிடமே சட்டப்படி தடைக்காலம் தொடங்கும்: யாரும் வழக்குப் போடக்கூடாது, யாரும் எதையும் எடுத்துப் போகக்கூடாது. விமானத்தை வாடகைக்கு விட்ட வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் விமானங்களையே தொட முடியாமல் நின்றார்கள். 2023 அக்டோபர் 3 அன்று மத்திய அரசு விமானங்களுக்கும் என்ஜின்களுக்கும் தடைக்காலம் பொருந்தாது என்று அறிவித்தது. 2024 ஏப்ரல் 26 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் 54 விமானங்களின் இந்தியப் பதிவை ஐந்து வேலை நாளில் நீக்கச் சொன்னது; பதிவு நீங்கினால்தான் உரிமையாளர் விமானத்தை எடுத்துப் போக முடியும். 2025-ல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. 2025 ஜனவரி 20 அன்று கம்பெனியைக் கலைக்க உத்தரவு.

வாடகைக்கு விட்டவரின் உரிமை நியாயமானதுதான், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டே ஆண்டில் அவர்களுக்காகச் சட்டம் திருந்தியது. டிக்கெட் வாங்கியவருக்காக ஒரு வரி திருந்தவில்லை. வீடு கட்ட முன்பணம் கொடுத்தவரை 2018-ல் வங்கியைப் போல நிதிக் கடன் கொடுத்தவர் பட்டியலில் சேர்த்தார்கள். விமானத்துக்கு முன்பணம் கொடுத்தவர் இன்னும் வெளியேதான். பிரிட்டனில் சுற்றுலாத் தொகுப்பு வாங்கும் ஒவ்வொருவருக்கும் 2.50 பவுண்டு ஒரு பொது நிதிக்குப் போகிறது. 2019 செப்டம்பரில் தாமஸ் குக் விழுந்தபோது தொகுப்பு வாங்கியவர்களின் பணத்தைக் காத்தது அந்த ஏற்பாடு. இங்கே பயணம் முடியும்வரை டிக்கெட் பணத்தில் ஒரு பகுதியையாவது தனிக் கணக்கில் பூட்டி வைக்கச் சொல்லும் விதி வேண்டும். அது வரும்வரை நம் பணத்தை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விழப்போகும் கம்பெனியைக் கோவை விமான நிலையத்தின் அட்டவணையிலேயே பார்க்கலாம். ஒரு நாளில் மூன்று முறை போன விமானம் இரண்டாகி, இரண்டும் ஒன்றாகி, அதுவும் நேரம் மாறிக்கொண்டே இருந்தால் விமானம் குறைந்திருக்கிறது என்று பொருள். காலாண்டுக் கணக்கு தள்ளிப்போவது, நிதி இயக்குநரோ தணிக்கையாளரோ நடுவில் விலகுவது, சம்பளம் தவணையாக வருவது அடுத்த கட்டம். எண்ணெய் கம்பெனியோ விமான நிலைய ஆணையமோ 'ரொக்கம் வைத்தால்தான்' என்று சொன்னதாகச் செய்தி வந்தால் நாட்கள் எண்ணப்படுகின்றன. விமானத்தை வாடகைக்கு விட்டவர்கள் பதிவு நீக்கம் கேட்டு மனுக் கொடுத்தால் டி.ஜி.சி.ஏ. தன் இணையதளத்தில் விமானத்தின் எண்ணோடு போடும். இவற்றில் இரண்டு ஒன்றாகத் தெரியும் கம்பெனி, நாலு மாதம் தள்ளிய தேதிக்கு மிகக் குறைந்த விலையில் டிக்கெட் விற்றால், அந்த விலை சலுகை இல்லை. அவர்களுக்கு இன்றைக்குப் பணம் வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். தள்ளிய தேதிக்கு எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒருவழி மட்டும் எடுங்கள்.

பணம் கட்டும் விதம்தான் உண்மையான ஈடு. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் சேவை கிடைக்கவில்லை என்று கார்டு கொடுத்த வங்கியிடம் தகராறு பதியலாம். கார்டு வலையமைப்புகளில் பொதுவாகப் பயணத் தேதியிலிருந்து 120 நாள் அவகாசம். வங்கி அந்தப் பணத்தைக் கம்பெனிக்காகக் கார்டுப் பணத்தை வசூலித்துக் கொடுக்கும் வங்கியிடமிருந்து எடுக்கும், அதனால் கம்பெனி திவாலானாலும் இந்த வழி அடைபடுவதில்லை. யு.பி.ஐ.யிலோ நெட் பேங்கிங்கிலோ கட்டினால் இந்த அளவு உறுதியான வாசல் கிடையாது.

ஊட்டியிலும் குன்னூரிலும் கொடைக்கானலிலும் பெரும்பாலோர் ஏஜென்ட் கடையில்தான் எடுக்கிறார்கள். அந்தக் கடைக்காரர் கோவையிலோ சென்னையிலோ உள்ள மொத்த ஏஜென்டிடம் முன்பணம் போட்டு வைத்து, அதிலிருந்து டிக்கெட் எடுக்கிறார். ரொக்கமாகக் கொடுத்தால் உங்கள் பெயரில் பணம் போனதற்கு ஒரு சான்றும் மிஞ்சாது. ஏஜென்ட் மூலம் வாங்கினாலும் பணம் திருப்பும் பொறுப்பு விமான கம்பெனிக்குத்தான் என்று விதி சொல்கிறது, ஆனால் திரும்பும் பணம் முதலில் ஏஜென்டின் கணக்குக்குத்தான் போகும். ஆகவே உங்கள் கார்டையே கடையில் பயன்படுத்தச் சொல்லுங்கள், அல்லது கடையின் முத்திரையோடு பி.என்.ஆர். எழுதிய ரசீது வாங்குங்கள். இன்னொன்று: பல கடைகளில் பயணியின் எண்ணுக்குப் பதில் கடையின் செல்போன் எண்ணைப் போடுவார்கள். தொடர்பு விவரம் சரியாகக் கொடுக்காத பயணிக்கு ரத்து இழப்பீடு கிடையாது என்பது விதி. அதோடு, ரத்துச் செய்தி கடைக்காரருக்குப் போகும்; நீங்கள் விடியற்காலை மூன்று மணிக்கு வண்டி ஏறி பர்லியார் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனி முன்னறிவிப்பு இல்லாமல் ரத்து செய்தால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். அதற்கு மேல் இழப்பீடு: பயண நேரம் ஒரு மணிக்குள் என்றால் 5,000, இரண்டு மணிக்குள் 7,500, அதற்கு மேல் 10,000, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. கோவை–சென்னைக்கு அந்த இரண்டும் சேர்ந்து 3,200 என்றால் 3,200தான் வரும். வானிலை போன்ற கம்பெனியின் கையில் இல்லாத காரணங்களுக்கு இழப்பீடு இல்லை. பணத்துக்குப் பதில் பிறகு பறக்கலாம் என்று வரவு வைப்பதை நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் செய்யலாம். தள்ளாடும் கம்பெனியிடம் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள், கடனை நீங்களே நீட்டிக் கொடுத்ததாக ஆகும். மழைக்காலத்தில் மண்சரிந்து மலைப்பாதை அடைத்து விமானத்தைத் தவறவிட்டாலும், பயன்படுத்தாத டிக்கெட்டில் விமான நிலையப் பயனர் கட்டணமும் வரிகளும் திரும்பக் கேட்கலாம். 'திருப்பித் தரப்படாது' என்று எழுதிய டிக்கெட்டுக்கும் இது உண்டு.

கம்பெனி திவாலுக்குப் போய்விட்டால் ஊட்டி நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுப் பயனில்லை, தடைக்காலம் அதையும் கட்டிப்போடும். தீர்வு வல்லுநர் ஒருவரைத் தீர்ப்பாயம் நியமிக்கும். அவர் மூன்று நாளில் அறிவிப்பு வெளியிட வேண்டும். நியமனத்திலிருந்து 14 நாளுக்குள் கோரிக்கை போய்ச் சேர வேண்டும், தவறினால் திவால் நடைமுறை தொடங்கியதிலிருந்து 90 நாள் வரையாவது ஏற்பார்கள். அறிவிப்பு ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் வரும். தலைமையகம் மும்பை என்றால் அந்த வட்டார மொழி மராத்தி. தமிழ் நாளிதழில் தேடிக்கொண்டிருந்தால் நாள் போய்விடும்; திவால் வாரியத்தின் இணையதளத்தில் பாருங்கள்.

விமான நிலையத்தில் தரைப் பணிக்குப் போன நம் பிள்ளைகள் முதலில் நியமனக் கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தக்காரர் பெயர் இருந்தால் கோரிக்கை அவரிடம். விமான கம்பெனியின் நேரடி ஊழியர் என்றால் படிவம் டி. தொழிலாளர் வகையினருக்கு 24 மாத பாக்கி வரை ஈடு வைத்திருக்கும் வங்கிகளோடு சம வரிசை. மற்ற ஊழியருக்கு 12 மாதம் வரை, அதற்கு அடுத்த வரிசை. வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் கலைப்புச் சொத்தில் சேராது. ஜெட் வழக்கில் அவற்றை முழுதாகக் கொடுக்கச் சொல்லி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022-ல் உத்தரவிட்டது. சம்பளத்தில் பிடித்த வரியைக் கம்பெனி கட்டாவிட்டால் அதை ஊழியரிடம் மறுபடி கேட்க முடியாது, சம்பளச் சீட்டை மட்டும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

பயணிக்குப் படிவம் எஃப். பி.என்.ஆர்., பணம் போன தேதி தெரியும் வங்கிக் கணக்குத் தாள், ரத்துச் செய்தியின் படம், அடையாளச் சான்று, கார்டு வழியில் பணம் திரும்பவில்லை என்ற ஒரு வரி. வக்கீல் வேண்டாம், மின்னஞ்சலில் அனுப்பலாம். வரிசையில் நடைமுறைச் செலவு, தொழிலாளர், ஈட்டுக் கடன், ஊழியர், ஈடில்லாத நிதிக் கடன், அரசு பாக்கி எல்லாம் முடிந்த பிறகுதான் 'மற்றக் கடன்கள்' என்ற வரியில் பயணி வருவார். 2019-ல் படிவம் அனுப்பிய ஜெட் பயணி, 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்கச் சொன்னபோதும் அந்த வரியில்தான் இருந்தார். அதனால் படிவத்துக்கு முன்னால் கார்டு வங்கிக்கு எழுதுங்கள், 120 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.